அவைலபிள், ஆக்சஸிபிள், ஓபன், ஃப்ரீ: கிட்டுவதையும் கிட்டாததையும் ஆங்கிலம் சொல்லும் விதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள படிப்பகங்களில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது, காலங்களையும் வினைச்சொற்களையும் பற்றிய கேள்விகளைவிட அதிகமாக வருவது ஒரே வகைச் சந்தேகம்தான். ஓர் இடத்துக்குள் போகலாமா, ஒரு பொருளை எடுக்கலாமா, அதற்குப் பணம் கட்ட வேண்டுமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பதையெல்லாம் ஆங்கிலம் ஒரு சிறிய பெயரடைக்குள் அடக்கிவிடுகிறது. அந்தப் பெயரடையைத் தவறாகப் புரிந்துகொண்டால் விண்ணப்பம் வீணாகிறது, அல்லது வாயிற்காவலர் தடுத்துத் திரும்பிவர நேர்கிறது.

துறைமுகத்தை ஒட்டிய சரக்கு முகவர் அலுவலகங்களில் பணியாற்றும் இளைஞர்கள், செவிலியர் படிப்பு மாணவியர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளைகளின் பள்ளிக் கடிதங்களை எடுத்துவரும் பெற்றோர் ஆகியோர் கேட்டவற்றைக் கூடியவரை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படைக் கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

'அவைலபிள்', 'ஆக்சஸிபிள்' இரண்டும் ஒன்றுதானே? இரண்டுக்கும் 'கிடைக்கும்' என்று எழுதினால் போதாதா?

போதாது. பொருள் இருக்கிறதா, வேறொருவர் எடுத்துக்கொள்ளாமல் மீதம் இருக்கிறதா என்று கேட்டால் அதற்கு விடை 'அவைலபிள்'. இருக்கிற அந்தப் பொருளிடம் நாம் போய்ச் சேர முடியுமா என்று கேட்டால் அதற்கு விடை 'ஆக்சஸிபிள்'. முன்னது பொருளின் நிலையைச் சொல்கிறது; பின்னது பொருளுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் வழியைச் சொல்கிறது.

புறநகர் ரயில் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி செல்லும் வண்டி நேரத்துக்கு வந்து நிற்கிறது, பெட்டியில் இடமும் இருக்கிறது, ஆனால் அந்த நடைமேடைக்குப் போக மேம்பாலப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை என்றால், சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அந்த வண்டி அவைலபிள். ஆனால் ஆக்சஸிபிள் அன்று. மின்தூக்கியும் சாய்தளமும் உள்ள நிலையத்துக்குக் கடைசி வண்டி போன பிறகு ஒருவர் வந்து சேர்ந்தால், அவருக்கு நடைமேடை ஆக்சஸிபிள். வண்டி அவைலபிள் அன்று.

சொற்களின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. 'ஆக்சஸ்' என்ற சொல்லின் பின்னால் 'நெருங்கிச் செல்லுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினை இருக்கிறது. 'அவைல்' என்பதன் பின்னால் 'வலிமையோடு இருத்தல், மதிப்புடையதாக இருத்தல்' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வினை இருக்கிறது. நடப்பது ஒன்றில், பயன்படுவது மற்றொன்றில்.

'ஆக்சஸ்' என்றால் வழியா, அனுமதியா?

இரண்டும்தான். 'ஆக்சஸ் ரோடு' என்றால் ஓர் இடத்துக்குச் செல்லும் சாலை. 'ஹி ஹாஸ் ஆக்சஸ் டு த ஃபைல்ஸ்' என்றால் அந்தக் கோப்புகளைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது, அல்லது பார்க்கும் வசதி இருக்கிறது. உரிமையா வசதியா என்பதை அந்தச் சொல் தானாகச் சொல்லாது. அதனால்தான் அதற்கு முன்னால் ஒரு பெயரடை தேவைப்படுகிறது. 'ஈஸி ஆக்சஸ்' வசதியைச் சொல்கிறது, 'பப்ளிக் ஆக்சஸ்' உரிமையைச் சொல்கிறது, 'டைரக்ட் ஆக்சஸ்' இடையில் வேறொருவர் இல்லை என்கிறது, 'ரிமோட் ஆக்சஸ்' நேரில் வராமலே இயக்கலாம் என்கிறது.

இது எண்ண முடியாத பெயர்ச்சொல். ஆகவே 'அன் ஆக்சஸ்' என்றோ 'ஆக்சஸஸ்' என்றோ எழுதக் கூடாது. வினையாகவும் இது வரும்; கணினித் துறை வளர்ந்த 1960-களுக்குப் பிறகுதான் வினை வழக்கு பரவியது. பெயர்ச்சொல்லாக வந்தால் பின்னால் 'டு' வேண்டும். வினையாக வந்தால் 'டு' வேண்டாம். 'ஆக்சஸ் டு த சிஸ்டம்' சரி, 'ஐ ஆக்சஸ்ட் த சிஸ்டம்' சரி, 'ஐ ஆக்சஸ்ட் டு த சிஸ்டம்' தவறு.

ஆக்சஸும், மிகுதி என்று பொருள்படும் எக்சஸும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. எப்படிப் பிரிப்பது?

ஆங்கிலத்தில் பூனைக்கு உள்ள சொல்லின் உயிரொலி முதலாவதில் வருகிறது. முட்டைக்கு உள்ள சொல்லின் முதல் ஒலி இரண்டாவதில் வருகிறது. முதலாவதில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். 'எக்சஸ்' பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம் அசைக்குப் போய்விடும். 'எக்சஸ் பேக்கேஜ்' என்பதுபோல இன்னொரு சொல்லுக்கு முன்னால் வரும்போது மட்டும் முதல் அசையில் விழும். 'ஆக்சஸிபிள்' என்ற பெயரடையில் அழுத்தம் நடுவே 'செஸ்' என்ற இடத்தில் விழுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நேர்முகத் தேர்வில் இதை முதல் அசையில் அழுத்திச் சொல்வோர் பலர்.

'ஃப்ரீ' என்றால் இலவசம்தானே? 'ஃப்ரீ ஆக்சஸ்' என்று போட்டிருந்தால் காசு கேட்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எப்போதும் எடுத்துக்கொள்ள முடியாது. 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு மிகப் பழைய பொருள் அடிமை அல்லாத, கட்டுப்படாத என்பது. பணம் வாங்காத என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. 'ஃப்ரீ என்ட்ரி' என்று பொருட்காட்சி வாசலில் எழுதியிருந்தால் கட்டணம் இல்லை. 'ஃப்ரீ ஆக்சஸ் டு த டெரஸ்' என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நீங்கள் மொட்டை மாடிக்கு யாரிடமும் கேட்காமல் போய்வரலாம் என்று பொருள். பராமரிப்புக் கட்டணம் தனியாக இருக்கலாம்.

இந்த இரட்டைப் பொருளால் மென்பொருள் உலகில் பெரிய விளக்கமே தேவைப்பட்டது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மேன், எவரும் பயன்படுத்தித் திருத்தக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்து 1985-இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியபோது, அவர் சொன்ன 'ஃப்ரீ' விலையைப் பற்றியது அன்று. இயக்கவும், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் பயனருக்குள்ள உரிமையைப் பற்றியது. ஆங்கிலம் பேசுவோருக்கே இது குழப்பியதால், பேச்சுரிமையில் உள்ள ஃப்ரீ வேறு, ஓசியாகக் கிடைக்கும் பீரில் உள்ள ஃப்ரீ வேறு என்று அந்த இயக்கத்தினர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழில் எழுதியவர்கள் இந்த இடத்தில் மிகச் சரியாகச் செயல்பட்டார்கள் என்பது என் கருத்து. 'இலவச மென்பொருள்' என்று விட்டுவிடாமல் 'கட்டற்ற மென்பொருள்' என்றார்கள். விக்கிப்பீடியாவையும் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றுதான் தமிழில் குறிப்பிடுகிறோம். ஒரு வாக்கியத்தில் 'ஃப்ரீ' வந்தால் அதை இலவசம், கட்டற்ற ஆகிய இரண்டு சொற்களாலும் மாற்றிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுவே பொருள். இரண்டும் பொருந்தினால் எழுதியவரைக் கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் 'ஃப்ரீலி அவைலபிள்' என்றால்?

தட்டுப்பாடும் தடையும் இல்லாமல் கிடைக்கிறது என்று பொருள். கட்டணம் இல்லை என்பது இதில் உறுதியாக இல்லை. கட்டணம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல விரும்பினால் 'அவைலபிள் ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்று எழுத வேண்டும். சொல்லின் பின்னால் ஒட்டாக வரும் 'ஃப்ரீ' மூன்றாவது வகை: 'சுகர்-ஃப்ரீ', 'டோல்-ஃப்ரீ', 'ஸ்டெப்-ஃப்ரீ'. முன்னால் இருக்கும் பொருள் இல்லை என்பதே அங்கே பொருள்; 'ஸ்டெப்-ஃப்ரீ ஆக்சஸ்' என்றால் படிக்கட்டு ஏறாமல் போகும் வழி.

'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் வைத்துவிட்டு ஏன் இவ்வளவு கட்டணம் வாங்குகிறார்கள்? 'பப்ளிக்' என்றால் பொதுமக்களுக்கு உரியது இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெற்றோரின் வருத்தம் நியாயமானது; ஆனால் அந்தச் சொல் இங்கிலாந்திலிருந்து அப்படியேதான் வந்திருக்கிறது. அங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்பது கட்டணம் வாங்கும் பழம்பெரும் தனியார் பள்ளி. ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட தொழிற்குழு என்ற வரம்பு இல்லாமல், பணம் கட்டக்கூடிய எவருடைய பிள்ளையும் சேரலாம் என்ற அளவில்தான் அது 'பப்ளிக்'. 1868-இல் நிறைவேறிய பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் ஈட்டன், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட ஏழு பள்ளிகளைப் பற்றியது. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் அதே சொல் அரசுச் செலவில் நடக்கும் பள்ளியைக் குறிக்கிறது.

ஆகவே 'பப்ளிக்', 'ஓபன்' போன்ற பெயரடைகளைக் கண்டால், எந்தத் தடை நீக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு தடையை நீக்கியதாலேயே மற்றத் தடைகள் நீங்கிவிடுவதில்லை. 'ஓபன் டு ஆல்' என்று அறிவித்த பயிற்சி வகுப்பில் சாதி, வயது, ஊர் என்ற தடைகள் இல்லாதிருக்கலாம், கட்டணம் இருக்கலாம்.

நூலகத்தில் ஒரு 'ஓபன் ஆக்சஸ்', ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு 'ஓபன் ஆக்சஸ்'. இரண்டும் ஒன்றா?

பெயர் ஒன்று, வரலாறு இரண்டு. நூலகத்தில் 'ஓபன் ஆக்சஸ்' என்றால் வாசகர் தாமே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். இதற்கு எதிரானது 'க்ளோஸ்டு ஆக்சஸ்'. அங்கே சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் பணியாளர் எடுத்துவந்து தருவார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் திறந்த அலமாரி முறைக்காக வாதாடியவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. வாசகர் அலமாரிகளுக்கு நடுவே நடந்தால்தான் தாம் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத நூலைச் சந்திப்பார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எங்கள் படிப்பகத்தில் அலமாரிக்குப் பூட்டுப் போடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் இதைச் சொல்வதுண்டு. ஒன்றிரண்டு நூல்கள் தொலையலாம். பூட்டிய அலமாரியில் எல்லா நூல்களுமே வாசகருக்குத் தொலைந்தவைதான்.

ஆராய்ச்சி உலகின் 'ஓபன் ஆக்சஸ்' 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையால் பரவியது. அறிவியல் கட்டுரைகளை இணையத்தில் கட்டணமின்றி எவரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம், பகிரலாம் என்பது அதன் கருத்து. படைப்பு சிதையாமல் இருப்பதும் ஆசிரியருக்கு உரிய பெயர் வழங்கப்படுவதும் மட்டுமே ஆசிரியர் கையில் இருக்கும். இங்கே 'ஓபன்' என்பதில் இலவசம், கட்டற்ற என்ற இரு பொருளும் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் யாருக்கு இலவசம் என்பதைப் பார்க்க வேண்டும். பல இதழ்களில் வாசகர் பணம் கட்டுவதில்லை, எழுதியவர் கட்டுகிறார். இதனால் நிறங்களே பெயரடைகளாகிவிட்டன: இதழே திறந்து வெளியிட்டால் 'கோல்டு', ஆசிரியர் தம் கட்டுரையின் ஒரு படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால் 'க்ரீன்', வாசகரும் எழுதியவரும் கட்ட வேண்டியதில்லை என்றால் 'டைமண்ட்'. கல்லூரியில் முதல் கட்டுரை அனுப்பும் மாணவர்கள் இந்தச் சொற்களைப் பார்த்துவிட்டு அனுப்புவது பணத்தை மிச்சப்படுத்தும்.

துறைமுக வாயிலில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 'ப்ரொஹிபிடட்' என்கிறார்கள், கூடவே 'ஆத்தரைஸ்டு பெர்சன்ஸ் ஒன்லி' என்றும் இருக்கிறது. எதற்கு எது?

'ரெஸ்ட்ரிக்டட் ஏரியா' என்றால் போகலாம், ஆனால் நிபந்தனையோடு. நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, வேலைக் காரணம் ஆகியவை இருந்தால் விடுவார்கள். கப்பல்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறை 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சரக்கு முகவர் அலுவலகக் கடிதங்களில் இந்தச் சொற்றொடர் அடிக்கடி கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம். 'ப்ரொஹிபிடட்' என்றால் தடை. வாயிலில் நின்று கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 1923-ஆம் ஆண்டின் அஃபிஷியல் சீக்ரெட்ஸ் சட்டத்தில் இடம்பெறும் தொடர் 'ப்ரொஹிபிடட் ப்ளேஸ்' என்பதே.

'ஆத்தரைஸ்டு' என்ற பெயரடை இடத்தின்மேல் ஏறாமல் ஆளின்மேல் ஏறுகிறது. இடம் 'ரெஸ்ட்ரிக்டட்', உள்ளே போகிறவர் 'ஆத்தரைஸ்டு'. ஒரே விதியை வாயிலுக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் சொல்லும் இரண்டு சொற்கள் இவை. ஆகவே 'ரெஸ்ட்ரிக்டட் பெர்சன்ஸ் ஒன்லி' என்று எழுதினால் தலைகீழாகிவிடும்.

'ரெஸ்ட்ரிக்டட்', 'லிமிடெட்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாமா?

பல இடங்களில் இரண்டும் அருகருகே வரும், ஆயினும் நாட்டம் வேறு. விதியால் சுருங்கியது 'ரெஸ்ட்ரிக்டட்'. அளவால் சுருங்கியது 'லிமிடெட்'. மாநகரப் பேருந்துப் பலகையில் எல்.எஸ்.எஸ். என்றிருந்தால் 'லிமிடெட் ஸ்டாப் சர்வீஸ்': எவரும் ஏறலாம், நிறுத்தங்கள் மட்டும் குறைவு. நிறுவனப் பெயரின் இறுதியில் வரும் 'லிமிடெட்' பங்குதாரரின் கடன் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்பதைச் சொல்கிறது. நிறுவனம் சிறியது என்பதை அன்று. 'லிமிடெட் சீட்ஸ்' என்றால் இடங்கள் குறைவு, முந்துகிறவருக்குக் கிடைக்கும். 'ரெஸ்ட்ரிக்டட் சீட்ஸ்' என்று எழுதினால், சில இடங்களில் குறிப்பிட்ட சிலர் மட்டும்தான் உட்காரலாம் என்று படிப்பவர் நினைப்பார்.

மத்திய அரசு அலுவலகங்களில் 'ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே' என்று ஒன்று உண்டு. அலுவலகம் மூடாது, பட்டியலில் உள்ள நாட்களில் இரண்டை ஊழியர் தாமே தேர்ந்தெடுத்து விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே விடுமுறை எல்லோருக்கும் ஒரே நாளில் இல்லை என்ற பொருளில் அந்தப் பெயரடை வந்திருக்கிறது.

'டு', 'ஃபார்', 'பை', 'ஃப்ரம்': எதை எங்கே போடுவது?

யாருக்கு என்றால் 'டு': 'ஆக்சஸிபிள் டு ஆல்', 'அவைலபிள் டு மெம்பர்ஸ்', 'ஓபன் டு த பப்ளிக்', 'க்ளோஸ்டு டு டிராஃபிக்'. எந்த வண்டியில் என்றால் 'பை': 'ஆக்சஸிபிள் பை மெட்ரோ'. எங்கிருந்து என்றால் 'ஃப்ரம்': சாலையிலிருந்து போக முடிவதையும், எந்தச் சாளரத்தில் வாங்கலாம் என்பதையும் இதுவே குறிக்கும். எதற்காக என்றால் 'ஃபார்': 'அவைலபிள் ஃபார் ரென்ட்', 'ஓபன் ஃபார் பிசினஸ்'. வேற்றுமை உருபை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும்.

'அவைலபிள் சீட்ஸ்' சரியா, 'சீட்ஸ் அவைலபிள்' சரியா?

இரண்டும் சரி. ஆங்கிலப் பெயரடை வழக்கமாகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். 'ஏபிள்', 'இபிள்' என்று முடியும் சில பெயரடைகள் பின்னாலும் நிற்கும். 'ஒன்லி', 'எவ்ரி', 'பெஸ்ட்' போன்ற சொல் முன்னால் இருந்தால் பின்னால் நிற்பதே மிக இயல்பு: 'த ஒன்லி சீட் அவைலபிள்', 'த பெஸ்ட் ட்ரீட்மென்ட் அவைலபிள்'. பெயர்ப்பலகைகளில் வரும் 'ரூம்ஸ் அவைலபிள்' என்பது 'ரூம்ஸ் ஆர் அவைலபிள்' என்பதில் 'ஆர்' என்ற வினை விடுபட்ட சுருக்கம்.

மேலாளருக்கு 'ஐ ஆம் கன்வீனியன்ட் ஆன் சண்டே' என்று அனுப்பினேன். தவறு என்றார். நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?

'கன்வீனியன்ட்' என்ற பெயரடை நாளுக்கும் இடத்துக்கும் உரியது. ஆளுக்கு உரியது அன்று. 'சண்டே இஸ் கன்வீனியன்ட் ஃபார் மீ' என்பது சரி. ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'ஐ ஆம் அவைலபிள் ஆன் சண்டே' அல்லது 'ஐ ஆம் ஃப்ரீ ஆன் சண்டே'. முன்னது அலுவலகத்துக்கும் பின்னது நண்பர்களுக்கும் ஏற்றது. இதே தவறு 'பாஸிபிள்' என்ற சொல்லிலும் நடக்கிறது. 'ஐ ஆம் நாட் பாஸிபிள் டு கம்' என்று எழுதக் கூடாது.

மனிதருக்கு 'ஆக்சஸிபிள்' என்ற பெயரடையும் வரும். ஒரு வார்டு உறுப்பினரை 'ஆக்சஸிபிள்' என்றால் அவரை எளிதில் சந்திக்க முடியும். 'அப்ரோச்சபிள்' என்றால் சந்தித்த பின் தயங்காமல் பேச முடியும். முதலாவது அவருடைய கதவைப் பற்றியது, இரண்டாவது அவருடைய முகத்தைப் பற்றியது. நூலை 'ஆக்சஸிபிள்' என்று மதிப்புரையில் எழுதியிருந்தால் நூல் கடையில் கிடைக்கிறது என்று பொருளன்று. சாதாரண வாசகருக்கும் புரியும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆடித் தள்ளுபடிப் பலகையில் 'அவைல் த ஆஃபர்' என்று போடுகிறார்கள். அது தவறு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்து வழக்கில் 'அவைல் யுவர்செல்ஃப் ஆஃப் த ஆஃபர்' என்றுதான் வரும். இந்திய ஆங்கிலத்தில் இடையிலுள்ள சொற்கள் உதிர்ந்து 'அவைல் த ஆஃபர்' என்று ஊன்றிவிட்டது. நம் ஊர்க் கடையில் அது எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 'யூஸ்' அல்லது 'டேக் அட்வான்டேஜ் ஆஃப்' என்று எழுதுங்கள்.

'யூ ஆர் எலிஜிபிள்' என்று குறுஞ்செய்தி வந்தது. ஆனால் பணம் வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

அந்தச் சொல் பணம் வரும் என்று உறுதி தரவில்லை. 'எலிஜிபிள்' என்றால் தகுதி வரம்புக்குள் இருக்கிறீர்கள், விண்ணப்பிக்கலாம், பரிசீலிக்கப்படுவீர்கள். 'என்டைட்டில்டு' என்றால் உரிமை உண்டு. தர வேண்டியது அவர்கள் கடமை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ உணவு தானியம் என்று சொல்லுமிடத்தில் 'என்டைட்டில்டு' என்ற சொல்லையே ஆள்கிறது. அந்தச் சொல் இருப்பதால்தான் அதைக் கேட்டு முறையிட முடிகிறது.

அரசுக் கடிதமோ வங்கிக் கடிதமோ வந்தால் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வங்கிகளின் கடன் விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் 'எலிஜிபிள்'தான். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

கழிப்பறைப் பலகையில் முன்பு 'டிசேபிள்டு டாய்லெட்' என்றிருந்தது, இப்போது 'ஆக்சஸிபிள் டாய்லெட்' என்கிறார்கள். ஏன் மாற்றினார்கள்?

'டிசேபிள்டு' என்ற சொல் இயந்திரத்துக்கும் வரும். முடக்கப்பட்டது என்று பொருள். எனவே பழைய பலகையைப் படிப்பவருக்குப் பழுதான கழிப்பறை என்றும் தோன்றலாம். அதைவிட முக்கியமான காரணம், பழைய தொடர் மனிதரின் குறையைச் சுட்டியது, புதிய தொடர் கட்டடத்தின் தன்மையைச் சுட்டுகிறது என்பது. அகலமான கதவு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, படியில்லாத தரை ஆகியவை இருந்தால் அந்த அறை 'ஆக்சஸிபிள்'. அதை முதியவரும், கைக்குழந்தையோடு வரும் தாயும் பயன்படுத்த முடியும்.

சக்கர நாற்காலிச் சின்னத்தை டென்மார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவி சூசன் கோஃபோட் 1968-இல் வரைந்தார். அதன் அதிகாரபூர்வப் பெயரே 'இன்டர்நேஷனல் சிம்பல் ஆஃப் ஆக்சஸ்'. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகிய மூன்றிலும் இதைக் கோருகிறது. ஆகவே சைகை மொழி இல்லாத அறிவிப்பையும், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் படிக்க முடியாத இணையப் படிவத்தையும் 'இன்ஆக்சஸிபிள்' என்று சொல்வது முழுமையாகச் சரி. படிக்கட்டு என்ற ஒன்றோடு அந்தச் சொல் முடிந்துவிடுவதில்லை.

செவிலியர் பாடத்தில் 'அவைலபிள், ஆக்சஸிபிள், அஃபோர்டபிள், அக்செப்டபிள்' என்று வரிசையாக வருகிறது. எல்லாம் ஒன்றையே சொல்வதுபோல் இருக்கிறது. ஏன் இத்தனை?

முதல் கேள்வியில் பார்த்த வேறுபாட்டின் தொடர்ச்சிதான் இது. அமெரிக்க ஆய்வாளர்களான ராய் பென்சான்ஸ்கியும் வில்லியம் தாமஸும் 1981-இல் மருத்துவம் ஒருவருக்குக் கிட்டுகிறதா என்பதை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள்: மருத்துவரும் கருவியும் போதிய அளவில் இருக்கிறார்களா, இடம் எட்டும் தொலைவில் இருக்கிறதா, நேரமும் நடைமுறையும் நோயாளிக்கு ஒத்துவருகின்றனவா, செலவு தாங்குமா, நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கிறார்களா. மூன்றாவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அக்காமடேஷன்'. பாடக் குறிப்புகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஐக்கிய நாடுகள் குழு ஒன்று நலவாழ்வு உரிமை குறித்து 2000-இல் வெளியிட்ட 14-ஆம் பொதுக் கருத்துரை வேறு வகையில் பிரிக்கிறது: அங்கே 'ஆக்சஸிபிள்' என்ற குடைக்குள்ளேயே பாகுபாடின்மை, உடலால் சென்றடைதல், செலவைத் தாங்குதல், தகவல் பெறுதல் ஆகிய நான்கும் அடங்குகின்றன. தேர்வில் எந்தப் பட்டியலைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

காசிமேட்டில் இந்தப் பிரிப்பு உடனே விளங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சந்தையில் வஞ்சிரம் இருக்கும், வீட்டுக்கு அருகிலும் இருக்கும்; விலை ஏறியிருக்கும். அவைலபிள், ஆக்சஸிபிள், ஆனால் பல வீடுகளுக்கு அஃபோர்டபிள் அன்று. நெடுநாள் பனியில் கிடந்த மீனை வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் ஒதுக்கினால், அது 'அக்செப்டபிள்' இல்லை. ஒரு மருந்தகத்தில் நிலைமை இப்படி இருந்தால் எந்தப் பெயரடையில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை அடைப்பதுதான் நிர்வாகத்தின் வேலை. மருத்துவர் இல்லாத இடத்தில் புதுச் சாலை போட்டுப் பயனில்லை.

செய்தியில் 'இமீடியட், அன்இம்பீடட், அன்கண்டிஷனல், அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்சஸ்' என்று படித்தேன். ஒரு சொல் போதாதா?

அது 2002 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஈராக் குறித்து நிறைவேற்றிய 1441-ஆம் தீர்மானத்தின் சொற்றொடர். ஆயுத ஆய்வாளர்களுக்கு ஈராக் தர வேண்டிய நுழைவை அது விவரிக்கிறது. ஒவ்வொரு பெயரடையும் ஒரு சாக்குப்போக்கை அடைக்கிறது. நாளை வாருங்கள் என்று சொல்ல முடியாது என்பது முதலாவது. வழியில் வண்டியை நிறுத்தவோ சாவி இல்லை என்று இழுக்கவோ முடியாது என்பது இரண்டாவது. இன்னது செய்தால்தான் விடுவோம் என்று பேரம் பேச முடியாது என்பது மூன்றாவது. இந்த அறைக்கு மட்டும் போகக் கூடாது என்று ஒதுக்க முடியாது என்பது நான்காவது.

1991-இல் நிறைவேறிய 707-ஆம் தீர்மானத்தில் இதே இடத்தில் மூன்று பெயரடைகள்தாம் இருந்தன. 'அன்இம்பீடட்' என்ற சொல் 2002-இல் புதிதாகச் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வாளர்கள் வாயில்களில் காக்கவைக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு சொல் ஏன் சேர்ந்தது என்பது புரியும். உங்கள் வாடகை ஒப்பந்தத்திலோ கிடங்கு ஒப்பந்தத்திலோ வெறும் 'ஆக்சஸ்' என்று மட்டும் இருந்தால், எந்த நேரத்தில், யாருக்கு, எந்தப் பகுதிக்கு, எந்த நிபந்தனையில் என்று நான்கையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழில் எழுதும்போது 'அணுகல்' என்று போட்டால் சரியாகிவிடுமா?

சில இடங்களில் சரி. எல்லா இடத்திலும் போட்டால் வாக்கியம் விறைத்துவிடுகிறது. ஆங்கிலம் பெயரடையில் வைப்பதைத் தமிழ் பெரும்பாலும் வினையில் வைக்கிறது: கிடைக்கும், போகலாம், எடுக்கலாம், எட்டும், கட்டுப்படியாகும், நுழையக் கூடாது. 'கட்டுப்படியாகாது' என்ற ஒரு வினையைவிட 'அன்அஃபோர்டபிள்' என்பதற்கு நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அண்மையில் ஒரு குடியிருப்புச் சங்கத்தார் தங்கள் ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கித் தரக் கேட்டார்கள். 'த கம்யூனிட்டி ஹால் இஸ் அவைலபிள் அண்ட் ஆக்சஸிபிள் டு ஆல் ரெசிடென்ட்ஸ், ஃப்ரீ ஆஃப் சார்ஜ், சப்ஜெக்ட் டு ப்ரையர் பெர்மிஷன்' என்பது அந்த வாக்கியம். அவர்கள் முதலில் வைத்திருந்த தமிழ் 'சமுதாயக் கூடம் அனைத்துக் குடியிருப்போருக்கும் கிடைக்கக்கூடியதாகவும் அணுகக்கூடியதாகவும் உள்ளது' என்று தொடங்கியது. கூடத்துக்குச் சாய்தளம் உண்டா என்று கேட்டேன். பின்வாசலில் உண்டு என்றார்கள். பிறகு பலகையில் இப்படி எழுதினோம்: 'இங்கே குடியிருக்கும் எவரும் சமுதாயக் கூடத்தைப் பயன்படுத்தலாம். கட்டணம் இல்லை. செயலாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் பின்வாசல் சாய்தளம் வழியாக உள்ளே வரலாம்.'